திண்டுக்கல் ரோட்டில் இரண்டு பெண்கள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பெண் விடுதலை பற்றிப் பேசுங்க அக்கா" என்று செயலாளர் சொன்னார். அந்தத் தலைப்பு என்றதும் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் போய்விடுகிறோம். அவ்வளவு தூரம் வேண்டாம். சமயநல்லூரில் திண்டுக்கல் பஸ் ஏறுங்கள். வாடிப்பட்டி, கொடைரோடு தாண்டினால் காந்திகிராமம். அதை நிறுவியவர்களில் ஒருவர் டாக்டர் சௌந்தரம். பெயர்ப்பலகையைப் பார்த்திருப்போம், பார்த்துக்கிட்டே கடந்தும் போயிருப்போம்.

டி.வி.எஸ். நிறுவனர் சுந்தரம் ஐயங்காரின் மகள், 1904இல் பிறந்தவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் வசதி பால்ய விவாகத்தைத் தடுக்கவில்லை, விதவைக் கோலத்தையும் தடுக்கவில்லை. பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டமே 1929இல்தான் வந்தது. டாக்டராக இருந்த கணவர் இளம் வயதில் இறந்துபோனார். அந்தக் காலத்தில் அதோடு ஒரு பெண்ணின் கதை முடிந்தது என்பார்கள். சௌந்தரம் டெல்லிக்குப் போய் லேடி ஹார்டிஞ்ச் கல்லூரியில் மருத்துவம் படித்தார். தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி 1912இலேயே டாக்டராகிப் போட்டுவைத்த பாதைதான் அது. இருந்தாலும் ஒரு விதவைப் பெண் அதில் நடப்பது வேறு சமாச்சாரம்.

டெல்லிக் காலத்தில்தான் காந்தியின் தொடர்பு வந்தது. கேரளத்து ஜி. ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். விதவை மறுமணம், அதிலும் வேறு சாதி! வீட்டில் சம்மதமில்லை. காந்தியும் உடனே தலையாட்டவில்லை. ஒரு வருஷம் பிரிந்திருந்து பாருங்கள் என்றார். இருந்து பார்த்தார்கள், மனசு மாறவில்லை. 1940இல் காந்தி முன்னிலையில் கல்யாணம் நடந்தது. 1947இல் இருவரும் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அப்புறம் எம்.எல்.ஏ., 1962இல் திண்டுக்கல் எம்.பி., மத்திய கல்வித் துணை அமைச்சர், பத்மபூஷண். பதவிகளை வேகமாகச் சொல்லிவிட்டேன். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு.

அய்யங்கோட்டை என்ற ஊரில் நிலமில்லாத தலித் கூலிக் குடும்பத்தில் 1926இல் பிறந்த ஒரு பெண். அம்மா நிறைமாதத்திலும் வேலைக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவர். அந்தப் பெண் மதுரையில் தங்கிப் படிக்கக் கை கொடுத்தவர் சௌந்தரம். அவர்தான் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். பட்டம் வாங்கினார். வேலை தேடிப் போகாமல் நிலமில்லாத ஜனங்களிடம் திரும்பிப் போனார். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்கே குடிபோனார். 1981இல் கணவரோடு சேர்ந்து உழுபவனின் நில உரிமை இயக்கத்தைத் தொடங்கினார். மிராசுதாரரிடம் பேசி, பேங்கில் கடன் ஏற்பாடு செய்து, சுமார் 13,000 ஏக்கரை ஏழைக் குடும்பங்களுக்கு மாற்றினார்கள். பத்திரம் பெண்கள் பெயரில்! இயக்கத்தின் பெயர் 'உழுபவன்', பட்டா 'உழுபவளுக்கு'. இந்த வேடிக்கையை நான் மிகவும் ரசிப்பேன்.

நம் மதுரையின் கே.பி. ஜானகியம்மாளைச் சொல்லாமல் விட்டால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். நாடக மேடையில் பாடி, சிறைக்குப் போய், 1967இல் மதுரைக் கிழக்கில் எம்.எல்.ஏ. ஆனவர். அவருக்குத் தனிக் கூட்டமே போடணும்.

கிருஷ்ணம்மாளின் படிப்பு ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்த உதவி. சாப்பாடு, தங்க இடம், ஃபீஸ் என்று மூன்றே செலவு. அது கீழத்தஞ்சையில் எத்தனை குடும்பத்துக்கு நிலமாக மாறியது பாருங்கள்!

என் வகுப்பில் 11 பெண்கள் சேர்ந்தோம். டிகிரி வாங்கியது ஏழு பேர். மீதி நாலு பேரில் மூவருக்குக் கல்யாணம். ஒருத்திக்கு, கடைசி பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர வழியில்லை. அவ அப்பா போதும்னுட்டார். நால்வரில் அவள்தான் நன்றாகப் படிப்பாள், கணக்கில் எங்களுக்கெல்லாம் அவள்தான் வாத்தியார். இன்றைய அழைப்பிதழ் அவளுக்குப் போயிருக்காது. பட்டம் வாங்கியவர்களுக்குத்தானே சங்கம்!

இன்று மதியம் பொதுக்குழு. நுழைவாயில் வளைவுக்கு நிதி ஒதுக்கும் தீர்மானம் வருகிறது. வளைவு அழகாகத்தான் இருக்கும், நன்கொடையாளர் பெயரும் பொறிக்கலாம். இருந்தாலும் நான் எதிர்த்துக் கை தூக்கப்போகிறேன். அந்தப் பணம் வெளியூர்ப் பெண்களின் விடுதிக் கட்டணத்துக்குப் போகவேண்டும் என்று ஒரு திருத்தம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். முன்மொழிவது நான். வழிமொழிய ஒருவர் வேண்டும். சாப்பாட்டுக்கு முன்னால் என்னிடம் வந்து பெயர் கொடுங்கள்.