காபிக்கடையில் மரியாதை

(ஹேடோவில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பங்களின் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"எதைப் பற்றி வேண்டுமானாலும் பத்து நிமிஷம் பேசுங்கள்" என்று நம் செயலாளர் அனுமதி கொடுத்தார். காபியைப் பற்றி என்றேன், சிரித்துவிட்டார். காபியைப் பற்றிப் பேச நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன! ஆனால் நான் பேச வந்தது டிகாக்ஷனைப் பற்றி அல்ல. காபியைக் கொண்டுவந்து வைக்கும் விதத்தைப் பற்றி. பெரிய நகரங்களில் காபிக்கடைக்குப் போனால் விலை ஏறியிருக்கிறது, உபசாரம் இறங்கியிருக்கிறது என்பது ஊருக்கு ஊர் நம் உறுப்பினர்கள் சொல்லும் குறை.

ஹேடோவில் இருக்கும் நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கிறது. போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டாலும், சென்னைக் கப்பல் வந்து நிற்பது இன்றும் நம் ஹேடோ துறையில்தான். சுமார் 1,200 கிலோமீட்டர், ஏறக்குறைய மூன்று நாள் பிரயாணம். காபிப் பொடியும் கடல் தாண்டித்தான் வந்தாக வேண்டும். ஆனால் துறைமுகம் பக்கம் ஒரு சாதாரணக் கடையில் போய் நின்று பாருங்கள். வங்காளி, தெலுங்கர், மலையாளி, ராஞ்சிக்காரர், நிக்கோபாரி, தமிழர் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்பார்கள். முன்னால் வந்தவருக்கு முதல் கிளாஸ். காபி சுமாராக இருக்கலாம், முறை தவறாது.

இப்படிப் பழகிய நானும் என் சகதர்மிணியும் ஒருமுறை சென்னையில் இறங்கியபோது, குளிர்சாதன வசதியுள்ள ஒரு பெரிய காபிக்கடைக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். துறைமுகத்திலிருந்து எங்களை அழைத்து வந்த டாக்ஸி டிரைவர் விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும், "நீயும் உள்ள வாப்பா" என்று அவள் கூப்பிட்டாள். அவரும் தயங்கித் தயங்கி வந்தார்.

உள்ளே மெனு அட்டை கிடையாது. மேஜையில் ஒட்டியிருந்த கட்டத்தைப் போனில் படம் பிடித்தால்தான் மெனு தெரியும் என்றார்கள். அதற்கு முன்னால் போன் நம்பர் கொடுக்க வேண்டுமாம். அதெல்லாம் போகட்டும். பணியாளர் என் காதருகே குனிந்து, "சார், டிரைவர்ஸ் வெளியில வெயிட் பண்ணலாம் சார்" என்றார். சன்னமாகத்தான் சொன்னார், ஆனாலும் டிரைவர் காதில் விழுந்துவிட்டது. அவர் உடனே எழுந்து, "பரவாயில்லம்மா, நான் வண்டிகிட்ட நிக்கறேன்" என்றார். "உக்காருப்பா. அவர் எங்களோட வந்திருக்கார், மூணு காபி" என்றாள் என் மனைவி. வந்தது இரண்டு. மூன்றாவது காபிக்கு இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. அதற்குள் எங்கள் காபி ஆறிப்போயிற்று. அவருடையது வராமல் நாங்கள் எப்படிக் குடிப்பது?

கடைசியில் பில் வந்தது. காபி ஒன்று 180 ரூபாய், மூன்றுக்கு 540. சர்வீஸ் சார்ஜ் 10 சதவிகிதம், 54 ரூபாய். இரண்டையும் சேர்த்து அதன்மேல் 5 சதவிகித ஜி.எஸ்.டி. மொத்தம் 623 ரூபாய் 70 காசு. சர்வீஸ் சார்ஜை எடுத்துவிடுங்கள் என்றேன். "கட்டாயம் சார்" என்றார் மேனேஜர். விதியைச் சொன்னதும் எடுத்துவிட்டார். பில் 567 ரூபாய் ஆயிற்று.

அந்த விதி நம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சர்வீஸ் சார்ஜ் வரி அல்ல. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது, கொடுக்காதவர்களை உள்ளே விட மறுக்கவும் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று நெறிமுறைகள் வெளியிட்டது. அவை செல்லும் என்று டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2025 மார்ச் 28 அன்று தீர்ப்பளித்தார். போன் நம்பர் கொடுத்தால்தான் ஆயிற்று என்று கடைகள் வற்புறுத்தக் கூடாது என்றும் 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை அறிவுறுத்தியிருக்கிறது. மேனேஜர் கேட்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை அங்கே புகார்க் கட்டணமே கிடையாது.

எல்லாக் குறைக்கும் சட்டம் நம் பக்கம் என்றும் நினைத்துவிடக் கூடாது. தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஹோட்டல்கள் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே நாம் வாங்குவது வெறும் தண்ணீர் அல்ல, நாற்காலி, மேஜை, உபசாரம் எல்லாம் சேர்ந்தது என்பது அதன் காரணம்.

ஆக, விதியைச் சொன்னதால் எங்களுக்கு 56 ரூபாய் 70 காசு திரும்பியது. ஆனால் அந்த டிரைவருக்கு நேர்ந்த அவமானம் பில்லில் எந்த வரியிலும் இல்லை. அதை எப்படிக் கழிப்பது? மோசமான சேவை என்று நாம் சொல்லும்போது ஆறிய காபியையும் தாமதத்தையும்தான் சொல்கிறோம். எல்லாவற்றிலும் மோசமான சேவை, "உனக்கு இங்கே இடமில்லை" என்பதுதான்.

இதை நம் சபையில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் காபி கிளப்புகள் பெருகிய காலத்தில் அவற்றில் பலவற்றை நடத்தியவர்கள் நம்மவர்கள். ருசிக்கும் சுத்தத்துக்கும் பேர் வாங்கினார்கள். அது நமக்குப் பெருமைதான். அதே கடைகள் பலவற்றில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று இருந்ததும், தாழ்த்தப்பட்டோர் உள்ளேயே வர முடியாமல் இருந்ததும் சரித்திரம். ரயில் நிலையச் சிற்றுண்டி சாலைகளிலும் இந்தப் பிரிவினை இருந்து, போராட்டத்துக்குப் பிறகு 1941இல்தான் நீங்கியது. 1950இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 15ஆம் விதியில், கடை, உணவகம், ஹோட்டல் என்று பெயர் சொல்லியே, சாதி மத பேதத்தால் யாரையும் தடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். எழுத வேண்டியிருந்தது என்பதை யோசித்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப் பலகையில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியலைத் தொடங்கினார். மாதக் கணக்கில் நடந்தது, பலர் கைதானார்கள், அடுத்த ஆண்டில் அந்தச் சொல் நீங்கியது. "சைவச் சாப்பாடு, சுத்தம் என்பதற்கான அடையாளம்தானே அது" என்று நம்மில் சிலர் இன்றும் சொல்வதுண்டு. சைவம் என்று சொல்லத் தமிழில் சைவம் என்ற சொல்லே இருக்கிறது. மற்றச் சொல் உணவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, மனிதரைப் பற்றிச் சொல்லிற்று. வாசலில் நின்று அதைப் படித்தவருக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்பதுதான் கேள்வி. கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்தவர்கள் வேறு வேறு சாதியார். வியாதி ஒன்றே.

வெளிநாட்டிலும் இது உண்டு. 2018 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ஸ்டார்பக்ஸ் கடையில், நண்பருக்காகக் காத்திருந்த கறுப்பின இளைஞர்கள் இருவர், ஒன்றும் வாங்காமல் உட்கார்ந்திருந்ததற்காகப் போலீசில் ஒப்படைக்கப்பட்டார்கள். பெரிய கண்டனம் எழுந்தது. மே 29 அன்று அந்த நிறுவனம் அங்கே 8,000 கடைகளுக்கு மேல் பிற்பகலில் மூடி, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. அந்தக் கடையில் அன்று காபியில் குறையில்லை, பார்வையில்தான் குறை.

இன்னொரு பக்கமும் உண்டு. நமக்குக் காபி கொண்டுவந்து வைக்கும் பிள்ளைக்கும் மரியாதை வேண்டும். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுவதும், பேரன் வயதுப் பையன் என்பதால் "டேய்" என்பதும் நாம் அன்றாடம் பார்க்கும் காட்சி. கடைப் பணியாளர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. நாள் முழுக்க நின்றவர் முகத்தில் சிரிப்பில்லை என்று கோபப்படும் முன், அவர் உட்கார்ந்து எத்தனை நேரம் ஆயிற்று என்று நினைத்துப் பார்க்கலாம். அன்றைக்கு எங்கள் காதில் அதைச் சொன்ன பணியாளரும் யாரோ சொல்லிக் கொடுத்ததைத்தான் சொல்லியிருப்பார். அதனால்தான் அவரைக் கடிந்துகொள்ளாமல், கடையின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. மறுபடியும் எழுதுவேன்.

இந்தப் பத்திரிகையைப் பல ஊர்களில் படிக்கும் நம் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் மூன்று. பில்லைப் படித்துப் பாருங்கள். கேட்க வேண்டியதைக் குரலை உயர்த்தாமல், விதியைச் சொல்லிக் கேளுங்கள். கொண்டுவந்து வைப்பவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். மூன்றாவதுதான் முக்கியம். உங்களுடன் வந்தவரோ, பக்கத்து மேஜைக்காரரோ, யாராவது ஒருவர் உடுப்பினாலோ தொழிலினாலோ அலட்சியப்படுத்தப்பட்டால், அதை உங்கள் புகாராக எடுத்துக்கொள்ளுங்கள். அவரால் அங்கே பேச முடியாமல் போகலாம், நம்மால் முடியும்.

நம் வீட்டு விசேஷங்களிலும் அப்படியே. பரிசாரகருக்கும், பந்தல் போட்டவருக்கும், காரோட்டி வந்தவருக்கும் அதே டபரா டம்ளரில், அதே சூட்டோடு காபி போகட்டும். கடைக்காரர்களிடம் மரியாதை கேட்கும் தகுதி அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.