எந்தக் கதையைச் சொல்லி வளர்க்கிறோம்?

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை வழங்கும் நிகழ்ச்சியில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே.

நமது உதவித்தொகை விண்ணப்பப் படிவத்தில் தகப்பனார் பெயர், தொழில், வருமானம் என்று கட்டங்கள் இருக்கின்றன. நேர்காணலின்போது படிவத்தில் இல்லாத ஒரு கேள்வியையும் நான் கேட்பதுண்டு. "உன் வாப்பாவின் வாப்பா என்ன தொழில் செய்தார்?" என்பதுதான் அது. மார்க் போடுவதற்காகக் கேட்பதில்லை. பிள்ளைகளைப் பேச வைப்பதற்காகக் கேட்பது.

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பதில் தெரிவதில்லை. தெரிந்தவர்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். சிலர் நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க முன்னோர் அரபு நாட்டிலிருந்து வந்தவங்க, கப்பல் வச்சிருந்தவங்க" என்கிறார்கள். சிலர் குரலைத் தாழ்த்தி, "பாய் முடைஞ்சாங்க", "தோல் ஷாப்பில் கூலி வேலை", "உம்மாவோட உம்மா பீடி சுத்தினாங்க" என்கிறார்கள். இரு சாராரும் ஒரே மதரஸாவில் ஓதியவர்கள், ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுகிறவர்கள். ஒரு பிள்ளை நிமிர்வதற்கும் இன்னொரு பிள்ளை குனிவதற்கும் காரணம், அவர்கள் வீட்டில் கேட்டு வளர்ந்த கதைதான். அதைப் பற்றித்தான் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

சகோதரர்களே! நாம் பிறந்ததும் தவழ்ந்ததும் நமக்கு நினைவில்லை. உம்மா சொல்லித்தான் தெரியும். ஆக, "நான் யார்" என்பதையே முதலில் பிறர் சொல்லக் கேட்டுத்தான் அறிகிறோம். ஒரு சமுதாயமும் அப்படித்தான். நமக்கு முன்னால் வாழ்ந்தவர்களை நாம் யாரும் கண்டதில்லை. ஆனாலும் அவர்களைப் பற்றிப் பேசும்போது "நாம்" என்றே பேசுகிறோம். அந்த "நாம்" என்ற சொல்லுக்குள் யார் யார் இருக்கிறார்கள், யார் யார் விடுபட்டுப் போனார்கள் என்பதைக் கதைதான் முடிவு செய்கிறது.

நல்ல கதை ஒரு சமுதாயத்துக்கு என்ன செய்யும் என்பதற்கு நம் தமிழ் நாட்டிலேயே சான்று இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் உமறுப்புலவர் நபி (ஸல்) அவர்களின் வரலாற்றைச் சீறாப்புராணம் என்ற பெயரில் பாடினார். மூன்று காண்டங்கள், 5,027 பாடல்கள். கீழக்கரை வள்ளல் சீதக்காதி எனும் ஷெய்கு அப்துல் காதிர் அவர்கள் அந்தப் பணிக்குத் துணை நின்றார்கள். அவர்கள் மறைந்த பிறகு பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயர் ஆதரித்தார்கள். அந்த நூலில் அரபு நாட்டை வருணிக்கும் இடத்தில் மழையும் ஆறும் வயலும் வருகின்றன. புலவருக்கு அரபு நாடு பாலைவனம் என்று தெரியாதா? தெரியும். கேட்பவர் வயலையும் வாய்க்காலையும் பார்த்து வளர்ந்த தமிழர். அவருக்கு அந்த வரலாறு எங்கோ நடந்ததாக இல்லாமல் தன் வாசலில் நடந்ததாகத் தோன்ற வேண்டும் என்று பாடினார். தமிழா, தீனா என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வராமல் போனதில் இத்தகைய நூல்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அரபுத் தமிழும் அப்படித்தான். குர்ஆன் ஓத அரபு எழுத்தைக் கற்ற நம் வீட்டுப் பெண்கள், அதே எழுத்தில் எழுதப்பட்ட தமிழைப் படித்து மார்க்கச் சட்டங்களையும் வரலாறுகளையும் அறிந்தார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்களின் கல்தூண்களைப் பாருங்கள். இந்த மண்ணின் கல்தச்சுக் கலை அவற்றில் தெரிகிறது. எழுத்தும் கல்லும் ஒரே கதையைத்தான் சொல்கின்றன.

இனி, கதை எங்கே கெடுதல் செய்கிறது என்று பார்ப்போம்.

நம் பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கள் வெளியிலிருந்து வந்தவர்கள்" என்று சொல்கிறவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். நாம் வருத்தப்படுகிறோம். ஆனால் நம்முடைய பல வீடுகளில் பெருமையாகச் சொல்லப்படும் கதை என்ன? "நாங்கள் அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள்" என்பதுதானே? நம்மை அந்நியர் என்கிறவர் சொல்வதும், நம் வீட்டுப் பெரியவர் பெருமையாகச் சொல்வதும் ஒரே கதையாக இருக்கிறதே! இதை நாம் யோசித்திருக்கிறோமா?

உண்மை இந்த இரண்டையும்விடப் பெரியது. அரபு வணிகர்கள் கடல் வழியாக வந்தார்கள் என்பது வரலாறு. வந்தவர்களில் பலர் இங்கேயே மணமுடித்தார்கள். அவர்கள் மணந்த பெண்கள் யார்? இந்த மண்ணின் பெண்கள். ஒரு குடும்பத்துக்குத் தாய்வழி என்று ஒன்று இல்லையா? கப்பலில் வந்தவர் பெயர் கதையில் இருக்கிறது, அவரைக் கரையில் ஏற்றுக் குடும்பமாக்கிய பெண்ணின் பெயர் இல்லை. அதேபோல், இந்த மண்ணிலேயே பிறந்து, ஏகத்துவத்தையும் சமத்துவத்தையும் கண்டு இஸ்லாத்தைத் தழுவியவர்கள் ஏராளம். அவர்களின் கதை ஏன் வீடுகளில் சொல்லப்படுவதில்லை?

சொல்லாததால் என்ன நடக்கிறது என்று வெளிப்படையாகப் பேசுவோம். ஒரு பையன் படித்தவன், தொழுகையாளி, நல்ல வேலையில் இருப்பவன். சம்பந்தம் பேசப் போனால், "அவங்க புதுசா வந்தவங்க" என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடுகிறது. அவன் பாட்டனார் கலிமா சொன்னவர். மூன்றாவது தலைமுறையிலும் புதியவர் என்றால், எத்தனை தலைமுறை கழிந்தால் பழையவர் ஆவது?

சஹாபாக்களை நாம் உயிராக மதிக்கிறோம். அவர்களில் பெரும்பாலோர் இஸ்லாத்தைப் புதிதாகத் தழுவியவர்கள்தான். மக்கா வெற்றி கொள்ளப்பட்ட ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில், கஅபாவின் மேல் ஏறி பாங்கு சொல்லும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தது யாரை? குறைஷித் தலைவர்களில் ஒருவரையா? அபிசீனிய வம்சத்தவரும் அடிமையாக இருந்தவருமான பிலால் (ரலி) அவர்களை. இந்த வரலாற்றை மீலாது மேடையில் கண்கலங்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் வம்சம் விசாரிப்பது என்ன நியாயம்?

வம்சப் பெருமை அடுத்தவரை மட்டும் காயப்படுத்துவதில்லை, அதைச் சொல்கிறவரையும் முடக்கிப் போட்டுவிடும். தோப்பில் முஹம்மது மீரான் எழுதிய 'சாய்வு நாற்காலி' நாவலை நம் நூலகத்தில் எடுத்துப் படியுங்கள். 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல். முஸ்தபாக்கண்ணு என்றொருவர். முன்னோர் பெருமை பேசிச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தே கிடக்கிறார். உழைப்பில்லை. வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுச் சாப்பிடுகிறார். பெருமை மட்டும் குறையவில்லை. அப்படி ஒரு நாற்காலி நம் வீட்டிலும் கிடக்கிறதா என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்று ஊரெல்லாம் சொல்கிறது. உயிரோடு இருக்கும் நாம் என்ன கொடுத்தோம் என்பதல்லவா கேள்வி?

சரி, கதையை எப்படித்தான் சொல்வது? அதற்கு நம் மார்க்கத்திலேயே வழிகாட்டல் இருக்கிறது.

குர்ஆனில் யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு அழகிய வரலாறு என்று சிறப்பித்துச் சொல்லப்படுகிறது. அதில் என்ன இருக்கிறது? ஒரு நபியின் வீட்டில் பொறாமை இருக்கிறது. சகோதரர்களே சேர்ந்து தம்பியைக் கிணற்றில் போடுகிறார்கள், தகப்பனாரிடம் பொய் சொல்கிறார்கள். அழுது அழுது தகப்பனாரின் பார்வை போகிறது. அடிமையாக விற்கப்பட்டதும் சிறையும் சொல்லப்படுகின்றன. இறுதியில் மன்னிப்பும் வருகிறது. நபியின் குடும்பம் என்பதற்காக எதுவும் மறைக்கப்படவில்லை. மறைத்திருந்தால் அந்த மன்னிப்பின் அருமை நமக்குத் தெரிந்திருக்குமா? நம் குடும்பக் கதையிலும் வறுமையும் கடனும் தோல்வியும் இருக்கட்டும். அவற்றிலிருந்து எழுந்து வந்ததைச் சொன்னால்தான் பிள்ளைக்குத் தைரியம் வரும். அதே நேரம், ஒருவருடைய மறைவான பாவத்தைத் தோண்டி எடுத்துப் பேசுவது வேறு. அது கூடாது. கஷ்டம் சொல்லத் தக்கது, பாவம் மூடத் தக்கது. இந்த வேறுபாடு நினைவிருக்கட்டும்.

இரண்டாவது, யார் சொன்னது என்று கேட்பது. ஹதீஸ் கலையில் இஸ்னாத் என்று படிக்கிறோம். இன்னார் சொல்ல நான் கேட்டேன், அவர் இன்னாரிடம் கேட்டார் என்று சங்கிலி வர வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி பழுதானாலும் அறிஞர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இமாம் இப்னுல் ஜவ்ஸி அவர்கள், மக்களுக்குக் கதை சொல்லும் பேச்சாளர்களைப் பற்றியே தனி நூல் எழுதினார்கள். நம்மிடமோ வாட்ஸ்அப்பில் ஒரு கதை வந்தால், யார் எழுதியது என்று தெரியாமலேயே பத்துக் குழுக்களுக்குப் போய்விடுகிறது. நம்மைப் புகழும் கதையாக இருந்தாலும் பொய் என்றால் பொய்தான். ஆதாரமில்லாத பெருமையைப் பிள்ளைக்குக் கொடுத்தால், கல்லூரியில் ஒருவன் ஒரு கேள்வி கேட்டதும் அது உடைந்துபோகும். அதோடு சேர்ந்து பிள்ளையின் தன்னம்பிக்கையும் உடையும்.

மூன்றாவது, பெண்களின் கதை. நாகூரைச் சேர்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் 'காதலா கடமையா' என்ற நாவலை வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதியவர் தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர். ஜுனைதா பேகத்தின் பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுபோனது. மற்றதெல்லாம் வீட்டிலிருந்தே படித்தது. இங்கே அமர்ந்திருக்கும் மாணவிகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? தெரிந்திருந்தால், "நம்ம பெண்களுக்குப் படிப்பெல்லாம் பழக்கமில்லை" என்று எவரேனும் சொல்லும்போது பதில் சொல்ல முடியும் அல்லவா?

பத்தமடையில் கோரைப் பாய் நெய்தவர்கள், மேலப்பாளையத்தில் தறி போட்டவர்கள், பீடி சுற்றியவர்கள், ஆம்பூர், வாணியம்பாடி தோல் பட்டறைகளில் உழைத்தவர்கள், இவர்கள் எல்லோரும் நம் முன்னோர்தான். ஹலாலான கூலியில் பிள்ளைகளை வளர்த்தவர்கள். பீடி சுற்றிய கை ஒரு பேத்தியைக் கல்லூரி வரை அனுப்பியிருக்கிறது என்றால், அது கப்பல் விட்ட கதைக்கு எந்த விதத்தில் குறைந்தது?

ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு வீட்டுக் கதையும் கபுருக்குள் போய்விடுகிறது. ஆகவே, இன்று உதவித்தொகையோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டும் தருகிறோம். வீட்டிலோ தெருவிலோ உள்ள வயதான ஒருவரிடம் போய் உட்காருங்கள். மூன்று கேள்விகள் கேளுங்கள். நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்? உங்கள் உம்மா, உம்மாவின் உம்மா பெயர் என்ன, அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள்? மிகக் கஷ்டமான காலத்தில் உங்களுக்கு உதவியவர் யார்? அந்தக் கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். உதவியவர் நம்மவராகவும் இருப்பார், பக்கத்துத் தெரு இந்துச் சகோதரராகவும் இருப்பார், கிறிஸ்தவ டாக்டராகவும் இருப்பார். அவர்களும் நம் கதையில் உள்ளவர்கள்தான். சொன்னவர் பெயரையும் தேதியையும் கீழே எழுதுங்கள். சமீபத்தில் இஸ்லாத்துக்கு வந்த குடும்பங்களின் வீட்டுக்கும் போய், அவர்கள் சம்மதித்தால் அவர்கள் வரலாற்றையும் எழுதுங்கள். நம் ஊர் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்.

ரமலானுக்கு முன் நோட்டுகளை அலுவலகத்தில் ஒப்படைத்தால், குடும்பத்தார் அனுமதித்தவற்றை மட்டும் இந்த மடலில் மாதம் ஒன்றாக வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ். பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை நோட்டோடு வந்து நிற்கும்போது, "அதெல்லாம் எதுக்கு இப்போ" என்று அனுப்பிவிடாதீர்கள். ஒரு டீ குடிக்கும் நேரம் கொடுங்கள்.

உண்மையைச் சொல்லும் நாவையும், அதைக் கேட்கும் பொறுமையையும், எவரையும் தாழ்வாக எண்ணாத உள்ளத்தையும் நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.