கண்மாய்க்கரையிலிருந்து கல்வெட்டு வரை

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டி, 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. குடைவரைக் கோயில், சமணர் படுக்கை, கல்வெட்டு, வல்லூறு என்று அதன் பெருமைகளைத் தனித்தனியாக அடுக்குவது வழக்கம். அப்படித் துண்டு துண்டாகப் பார்த்தால் அந்த ஊர் பிடிபடாது, நடந்துதான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அங்குள்ள எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருப்பது தண்ணீர். அந்தக் கட்டு நடக்கிறவர் கண்ணுக்குத்தான் தெரியும்.

ஆனைகொண்டான் கண்மாய்க்கரையில் தொடங்கிக் கழிஞ்சமலைக்குப் போவோம். மலை முக்கால்வாசியும் மொட்டைப் பாறை. மழையை உறிஞ்சிக்கொள்ள அதில் மண் கிடையாது. விரிசலில் புகுந்த நீர் சுனையாகத் தங்குகிறது. மிச்சம் ஓடையாகிக் கண்மாயில் சேர்கிறது. கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த ஊருக்குப் போகிறது. இந்த வட்டாரத்தில் 72 ஏரிகளும் 200 இயற்கை ஊற்றுகளும் இருப்பதாக அரசே கணக்குச் சொல்கிறது. மேலே சமணர் படுக்கையுள்ள குகைக்குப் போனால் அதன் நெற்றியைப் பாருங்கள். மழைநீர் உள்ளே வழியாமலிருக்கப் பாறையில் நீளமாகக் காடி வெட்டியிருக்கிறார்கள். அதையொட்டி, 2000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட தமிழி எழுத்து: இந்தக் குகையைக் கொடுத்தவர் இன்னார் என்கிறது. குகையை அது 'முழாகை' என்று சொல்கிறது. 'முழை' என்ற சொல் நம் அகராதியில் இன்னும் உயிரோடிருக்கிறது. நிழலும் சுனையும் அருகருகே அமைந்த இடமாகப் பார்த்துத்தான் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வல்லூறுக்கும் கணக்கு இதேதான். கூடு வைக்கச் செங்குத்துப் பாறை வேண்டும்; இரை பிடிக்க, கண்மாயும் வயலும் மேய்ச்சல் நிலமும் வேண்டும்.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. சின்னங்கள் இருக்கும் இடத்துக்கு வேலி போட்டுவிட்டு மீதி நிலத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டால் என்ன என்பார்கள். இது கற்பனைக் கேள்வி இல்லை. 2024 நவம்பரில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போன நாயக்கர்பட்டித் தொகுதி ஏறக்குறைய 2015 ஹெக்டேர். அதில் பல்லுயிர்த் தலம் சுமார் 193 ஹெக்டேர்தான். மக்கள் எதிர்த்தபோது, அந்தப் பகுதியை மட்டும் விலக்கிவிடலாமா என்றுதான் டிசம்பரில் மத்திய அரசு யோசித்தது. காகிதத்தில் நியாயமாகத் தோன்றும் யோசனை. ஆனால் ஓடையை வெட்டிவிட்டு மலையை மட்டும் வைத்துக்கொண்டால் கண்மாய் எங்கிருந்து நிறையும்? பறவை எங்கே இரை தேடும்? சுரங்கம் வேலை தரும் என்பதும் உண்மைதான். ஆனால் கனிமம் தீர்ந்தால் அந்த வேலையும் தீரும், கண்மாய்ப் பாசனம் தலைமுறை தலைமுறையாகச் சோறு போடுகிறது. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் முழுவதுமாக ரத்தானது. அது சரியான முடிவு என்றே சொல்வேன்.

அச்சம் ஒன்று எனக்கும் உண்டு. ஊரை நடந்து பார்க்கப் பாதை குறித்து நடைவழி என்று பெயர் வைத்தால் கூட்டம் வரும், பிளாஸ்டிக் வரும், கூச்சலில் பறவை கூட்டை விட்டுப் போய்விடும். ஆகவே கூடு கட்டும் மாதங்களில் பாறையோரத்துப் பாதையை அடைக்க வேண்டும்; ஊர்க்காரர் ஒருவர் துணையில்லாமல் யாரையும் மேலே விடக்கூடாது. புதிதாகச் சாலை, கைப்பிடி, சிமெண்டுப் படி எதுவும் வேண்டாம். கால்பட்டுத் தேய்ந்த ஒற்றையடிப் பாதையே போதும். இந்தக் காவல் ஊருக்குப் புதிதும் அல்ல. மலையிலுள்ள தீர்த்தங்கரர் சிற்பத்தின் வட்டெழுத்து, அதைச் செய்வித்தவர் சமண முனிவர் அச்சணந்தி என்றும் அதற்குக் காவல் யார் என்றும் சொல்கிறது. இன்று நடைவழிக்கு வரைபடம் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அதை மலையுச்சியில் முடித்துவிடாதீர்கள். இறங்கி, மறுகால் போகும் வழியே, அடுத்த கண்மாயின் மடை வரை கோட்டை இழுங்கள்.