துறைமுகத்தின் தொலைக்கண்

1942 ஏப்ரல் 5 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது தக்க முன்னெச்சரிக்கை கிட்டவில்லை. 9 ஆம் நாள் திருக்கோணமலையிலோ, கடலோர றேடார் அவற்றைத் தொலைவிலேயே கண்டுகொண்டது.

வானொலி அலையை வீசி, அது விமானத்திற் பட்டு மீளும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணிப்பது றேடார். செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிலே அலை ஏறக்குறைய 150 கிலோமீற்றர் சென்று திரும்பிவிடும்! றொபேட் வாட்சன் வாட் இதற்கு 1935 இல் ஆக்கவுரிமை கோரினார். கண்டுபிடிப்பை உலகறியச் சொல்வதற்கு ஈடாகக் கிடைப்பதே ஆக்கவுரிமை. இவ்விண்ணப்பமோ போர் முடியும்வரை மறைத்து வைக்கப்பட்டது.

எச்சரிக்கை பெற்ற போர்விமானங்கள் முன்கூட்டியே மேலெழுந்தன. ஆயினும் சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி எரிந்தது. முன்னிரவே துறைமுகத்தை விட்டகன்ற விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மிஸ்’, தன் விமானங்களைக் கரையில் விட்டுச் சென்றிருந்தது. மட்டக்களப்புக்கு அப்பால் அது மூழ்கியபோது முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர்.