மைற் என்றொரு சொல்

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எங்கள் வகுப்பிலிருந்து ஒருவர் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டபோது நாங்கள் ஆளையாள் பார்த்தோம். ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் ஏழு பேரும் ஒரு வீட்டு விறாந்தையில் கூடியிருந்து எழுதினோம். வாசிப்பது ஒரு வாய்தான். சொல்வது ஏழு பேர். ஆகவே இந்த உரை முழுக்க 'நாங்கள்' என்றே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் விடயம் ஓர் ஆங்கிலச் சொல். மைற். எம், ஐ, ஜி, எச், ரி. நடுவிலே இரண்டு எழுத்து ஊமையாக நிற்கும்.

எட்டாம் வகுப்பில் இதைப் படித்தோம். 'மே' நிகழ்காலம், 'மைற்' இறந்தகாலம் என்று கரும்பலகையில் எழுதி, கீழே உதாரணமாக 'இற் மைற் றெயின் ருமொறோ' என்று எழுதப்பட்டது. எங்களில் ஒருத்தி எழும்பி, "ரீச்சர், மைற் இறந்தகாலம் எண்டால் நாளைக்கு எப்பிடி மழை பெய்யும்?" என்று கேட்டாள். "அது அப்பிடித்தான். பாடமாக்குங்கோ" என்று பதில் வந்தது. பாடமாக்கினோம்.

அதற்குச் சரியான பதில் எங்கள் தமிழிலேயே இருந்ததைப் பல வருடம் சென்றுதான் கண்டோம். 'நாளைக்கு மழை பெய்தால்' என்கிறோம். நடந்து முடிந்ததைச் சொல்லும் 'பெய்து' என்ற வடிவத்தின் மேலேதான் அந்த 'ஆல்' ஏறி நிற்கிறது. வந்தால், போனால், கேட்டால் எல்லாம் அப்படியே. நிச்சயமில்லாத ஒன்றைச் சொல்லவேண்டி வந்தால் இரண்டு மொழியும் இறந்தகாலத்தைத்தான் கடன் வாங்குகின்றன. இதைத் தமிழ் வகுப்பிலும் யாரும் சொல்லித் தரவில்லை. குறை சொல்லவில்லை, சும்மா சொல்கிறோம்.

அடுத்தது தேர்ச்சி அறிக்கைக் கதை. சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய தவணையில் எங்களுள் ஒருத்தியின் அறிக்கையில், ஆங்கிலத்துக்கு நேரே, 'ஷீ மைற் பாஸ்' என்று எழுதியிருந்தது. எழுதியவர் யார் என்பது இங்கே வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது என்ன சொல்லியது என்று எங்களுக்குத் தெரியும்: பாஸ் பண்ணினாலும் பண்ணுவாள், நம்பியிருக்க வேண்டாம்.

அவளுடைய ஐயா தோட்டக்காரர், வெங்காயமும் புகையிலையும் செய்தவர். ஆங்கிலம் எழுத்துக்கூட்டி வாசிப்பார். யாரோ கொடுத்த பழைய ஆங்கில-தமிழ் அகராதி ஒன்று வீட்டில் இருந்தது. அதிலே மைற் என்ற சொல் இரண்டு இடத்தில் உண்டு. ஐயா முதலில் கண்ட இடத்தில் 'வல்லமை, பலம்' என்று இருந்தது. அவ்வளவுதான். "பிள்ளை பலத்தோட பாஸ் பண்ணுவாள் எண்டு ரீச்சர் எழுதிப்போட்டா" என்று சந்திக் கடை வரைக்கும் சொல்லிக்கொண்டு போனார். கதை பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம். அவளும் எங்களோடு சேர்ந்து சிரித்தாள். வீட்டில் மட்டும் ஐயாவைத் திருத்தவில்லை.

ஐயா அந்தளவு பிழையில்லை என்பதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தோம்.

ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தில், இன்று 'மே' என்று ஆகிவிட்ட வினைச்சொல்லுக்கு 'பலமுண்டு, செய்ய வல்லேன்' என்பதுதான் பொருள். அதன் இறந்தகால வடிவம் ஒரு மைற். அதே வேரில் பிறந்த பெயர்ச்சொல், பலம் என்ற பொருளில், மற்ற மைற். இரண்டும் ஒரு குடும்பம். அந்த ஊமை எழுத்துகளும் அப்போது ஊமையில்லை, தொண்டையிலிருந்து ஒலித்தன. ஜேர்மனியில் வளரும் எங்கள் பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்: அதிகாரத்துக்கு, பலத்துக்கு அவர்கள் சொல்வது 'மாஹ்ற்', தொண்டைச் சத்தத்தோடு. அதே வேரிலிருந்து வந்த 'மொஹ்ற்ற' என்பதைச் சொல்லித்தான் கடையில் பாண் கேட்கிறார்கள், 'எனக்கு வேணும்' என்று பணிவாக. மனம் கலங்கிப்போவதைச் சொல்லும் 'டிஸ்மே' என்ற சொல்லிலும் இந்த 'மே' ஒளிந்திருக்கிறது. பலம் கழன்றுபோதல் என்பது அதன் பழைய கருத்து.

பிறகு 'மே' மெலிந்தது. பலம் இருந்தால் நடக்கலாம் என்பது, வெறுமனே நடக்கலாம் என்றாகி, பிறகு அனுமதி கேட்கிற சொல்லாகவும் ஆகிவிட்டது. வகுப்பு வாசலில் நின்று 'மே ஐ கம் இன்' என்று கேட்காத ஒருத்தி இந்த மண்டபத்தில் இருக்கிறாளா? எங்கள் 'லாம்' உம் அதே வேலையைச் செய்கிறது: மழை வரலாம், நீ உள்ளே வரலாம். முதலாவதில் ஐயம், இரண்டாவதில் அனுமதி. இந்தச் சங்கம் தொடங்கிய நாளில் இலங்கைப் பெண்ணுக்கு வாக்கு 'லாம்' என்ற நிலையில்கூட இருக்கவில்லை. 1931 இல் தான் இருபத்தொரு வயதான ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை வந்தது. அந்த வருடமே அடலின் மொலமூறே அரசாங்க சபைக்குப் போனார். அடுத்த வருடம், 1932 இல், கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து போனார். எங்கள் முதல் அங்கத்தவர்கள் இதையெல்லாம் கண்ணால் கண்டவர்கள்.

ஆங்கிலம் இரண்டாகப் பிரித்துவிட்டதை எங்கள் ஊர்ப்பேச்சு இன்னும் ஒன்றாகவே வைத்திருக்கிறது. 'இயலும்' என்பது எங்கள் வாயில் 'ஏலும்'. ஏலுமோ என்று கேட்டால் செய்ய முடியுமோ என்று கருத்து. அதே சொல்லில்தான் உடம்பையும் சொல்கிறோம். "அம்மாவுக்கு ஏலாது" என்றால் சுகமில்லை, தெம்பில்லை. "ஏலாத காலத்தில பார்க்க ஒருத்தருமில்லை" என்கிறோம். 'மாட்டேன்' என்ற சொல்லும் இப்படித்தான். பழைய தமிழில் மாட்டுதல் என்றால் வல்லதாதல். மாட்டேன் என்றால் எனக்கு வலுவில்லை. இப்போது அதன் கருத்து வேறு. வலுவில்லாதவள் சொன்ன சொல் எப்படியோ மறுக்கிறவளின் சொல்லாகிவிட்டது. கல்யாணம் பேசி வந்த நேரம் எங்களில் இரண்டு பேர் அதை நன்றாகப் பாவித்தோம்.

அந்தச் சிநேகிதிக்கு வருவோம். ஆங்கிலம் முதல்முறை தவறியது. இரண்டாம் முறை எடுத்துப் பாஸ் பண்ணினாள். ஆசிரியை ஆனாள், ஆரம்ப வகுப்புகளுக்குப் படிப்பித்தாள்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுக்கத் தெருவில் இறங்கியதை இங்கே விளங்கப்படுத்தத் தேவையில்லை. பலர் அந்த இரவில் நடந்தவர்கள். அவள் கணவர் கொழும்பில் நின்றார். இரண்டு பிள்ளைகள், நடக்க ஏலாத மாமி. மாமியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சீலையால் இடுப்போடு சீற்றில் சேர்த்துக் கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு செம்மணி வெளியால் நாவற்குழிக்கு நடந்தாள். மழை. சனம் ஓர் அடி வைக்கும், பிறகு நிற்கும், பிறகு ஓர் அடி. பக்கத்தில் வந்தவர்கள் "தனிய உருட்ட ஏலுமோ பிள்ளை?" என்று கேட்கக் கேட்க "ஏலும், ஏலும்" என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். கைதடி தாண்டும்போது விடிந்துவிட்டது.

"உண்மையில் ஏலுமாயிருந்ததோ?" என்று பின்னொரு நாள் கேட்டோம்.

"எனக்கென்ன தெரியும்? ஏலாது எண்டு சொன்னா சைக்கிளை ஆர் பிடிக்கிறது?" என்றாள். பிறகு சிரித்துவிட்டு, "ஐயாவின்ர அகராதி" என்றாள்.

ஐயா அப்போது உயிரோடு இல்லை. அகராதியும் அந்த இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. தேர்ச்சி அறிக்கை மட்டும் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரு பொலித்தீன் பையில் அவளோடு வந்தது. ஏன் அதை எடுத்தாள் என்று கேட்க எங்களுக்கு மனம் வரவில்லை.

இன்றைக்கு அவள் எட்டாவது ஆளாக இந்த மேடையில் நின்றிருக்கவேண்டும். முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் இருக்கிறாள். நேற்று இரவு ஃபோனில் இந்த உரையை வாசித்துக் காட்டினோம். இரண்டு இடத்தில் திருத்தினாள். ஆரம்ப வகுப்பு ரீச்சர் அல்லவா. வர ஏலுமோ என்று கடைசியாக ஒருமுறை கேட்டோம். "ஏலாது. ஆனா வருசக் கடைசிக் கூட்டத்துக்கு வரலாம்" என்றாள். எந்த 'லாம்' என்று நாங்கள் கேட்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளைப் பார்க்க வான் ஒன்று பாடசாலை வாசலிலிருந்து போகிறது. இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் தேநீர் வேளையில் எங்களிடம் பெயர் கொடுங்கள்.