பாடம் கேட்ட வாத்தியார்

பிள்ளைகள் பட்டம் வாங்குவதைப் பார்க்க மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் காலையிலேயே பஸ் ஏறி வந்திருக்கும் பெற்றோர்களே, கறுப்பு அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

நான் ஓய்வு பெற்ற பள்ளித் தமிழாசிரியன். முப்பத்திரண்டு வருஷம் சாக்பீஸ் தூசியில் நின்றவன். இந்த மேடைக்கு விஞ்ஞானியையோ நீதிபதியையோ அழைப்பதுதான் வழக்கம். இந்த வருஷம் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை அழைத்திருக்கிறீர்கள். அந்தத் துணிச்சலுக்கு நன்றி சொல்லி, இன்னொரு பள்ளிக்கூட வாத்தியாரின் கதையைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

மதுரையில் 'கவிஞரான வாத்தியார்' என்று சொன்னால் ஆட்டோக்காரர்கூடச் சரியாகச் சொல்லிவிடுவார்: பாரதி. 1904 ஆகஸ்டிலிருந்து நவம்பர் வரை சேதுபதி பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தார். மூன்று மாதம் சொச்சம். அதற்கே நாம் நூறு வருஷத்துக்கு மேல் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கிறோம், படலாம். நான் சொல்லப்போகிறவர் வேறு. சேதுபதிகளின் ஊரான ராமநாதபுரத்தில் பிறந்தவர். பெயர் முகவைக் கண்ண முருகனார். முகவை என்றால் ராமநாதபுரம். தகப்பனார் கிருஷ்ணய்யரின் பெயர் 'கண்ண' ஆயிற்று. தன்னுடைய சுப்பிரமணியம் என்ற பெயர் முருகன் ஆயிற்று. தமிழ்ப் பற்று தலைக்கேறிய வாத்தியார் முதலில் தன் பெயரிலேயே கைவைத்துவிட்டார்.

ஆனால் அவர் கதை அவரிடமிருந்து தொடங்கவில்லை. நம் ஊரில், மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் பக்கத்தில், சொக்கப்ப நாயக்கன் தெருவில், இலக்கணப் பாடம் படிக்காமல் தண்டனை வாங்கிய ஒரு பையனிடமிருந்து தொடங்குகிறது.

பையன் பெயர் வெங்கடராமன். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தவன். 1892-இல் அப்பா இறந்துபோக, மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்து ஸ்காட் நடுநிலைப் பள்ளியிலும், பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் படித்தான். கால்பந்து, மல்யுத்தம், நீச்சல் என்றால் முதல் ஆள். படிப்பில் சுமார். 1896 ஜூலையில் ஒரு நாள், அந்தத் தெரு வீட்டின் மாடியில் திடீரென்று சாவு பயம் வந்து, தரையில் பிணம் மாதிரி படுத்து, 'செத்துப்போவது எது, மிச்சமிருப்பது எது' என்று பார்த்தான். எழுந்தபோது பழைய பையனாக எழவில்லை. பிறகு பாடம் எங்கே ஏறும்? ஆங்கில இலக்கணம் படிக்கவில்லை என்று ஆசிரியர் அந்தப் பாடத்தை மூன்று தடவை எழுதிவரச் சொன்னார். ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. இரண்டு தடவை எழுதினான். மூன்றாவது தடவைக்குக் கை போகவில்லை. நோட்டைத் தள்ளிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டான். அண்ணன் பார்த்துவிட்டு, இப்படி இருப்பவனுக்குப் படிப்பும் வீடும் எதற்கு என்ற பொருளில் ஒரு வார்த்தை விட்டார். பையனுக்கு அது சுருக்கென்று பட்டது. பள்ளியில் வகுப்பு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினான். 'போகிற போக்கில் என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு' என்று அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

பையன் மூன்று ரூபாய் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாயைத் திரும்ப வைத்தான். பக்கத்தில் ஒரு சீட்டு. இலக்கண வாத்தியார்கள் அந்தச் சீட்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். முதல் வாக்கியத்தில் 'நான்' என்று எழுதியவன், அடுத்ததில் தன்னையே 'இது' என்கிறான். கடைசியில் 'இப்படிக்கு' போட்டுவிட்டு, பெயர் எழுத வேண்டிய இடத்தில் வெறும் கோடு இழுத்துவிட்டான். தன்மையில் தொடங்கிப் படர்க்கைக்கு மாறி, கடைசியில் கையெழுத்தே இல்லாமல் முடிந்த கடிதம். இலக்கணம் படிக்காததற்கான தண்டனையை எழுதிக்கொண்டிருந்த அன்றைக்கே! செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தான். 1950 ஏப்ரலில் உடலை விடும் வரை அந்த ஊரைத் தாண்டவில்லை. உலகம் அவரை ரமண மகரிஷி என்றது.

இப்போது நம் வாத்தியார் வருகிறார்.

முருகனார் சென்னையில் ஒரு கிறித்தவ மிஷன் பள்ளியில் தமிழாசிரியர். யாப்பு விரல் நுனியில். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிக் குழுவிலும் இருந்தவர். 1913-இல் தொடங்கிய அந்தப் பேரகராதி வேலை, முதலில் நம் மதுரையில் இருந்துதான் நடந்தது என்பது மதுரைக்காரர்களுக்கே மறந்துபோன விஷயம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, பொருள் கேட்டு, வரிசையில் உட்கார வைக்கிற வேலை. இப்படிப்பட்ட ஆளிடம் மாமனார், ரமணர் எழுதிய சில நூல்களைக் கொடுத்தார். 1923 செப்டம்பரில் முருகனார் திருவண்ணாமலை போனார். ரமணரிடம் வெறுங்கையோடு போகாமல் அங்கேயே ஒரு பதிகம் எழுதி எடுத்துக்கொண்டு போனார். பண்டிதர் அல்லவா!

ரமணர் எதிரே நின்று தாளைப் பிரித்தார். வாய் வரவில்லை. கண்ணீர் முட்டி எழுத்து மறைந்தது. வகுப்பு வகுப்பாகச் செய்யுளை ஏற்ற இறக்கத்தோடு படித்துக் காட்டிய வாத்தியாருக்குத் தன் பாட்டையே படிக்க முடியவில்லை. ரமணர் அந்தத் தாளை வாங்கித் தானே படித்தார். யார் யாருக்கு வாசித்துக்காட்டியது என்று பாருங்கள். இலக்கணப் பாடத்தை மூன்றாம் தடவை எழுதாதவர், இலக்கணம் கரைத்துக் குடித்தவருக்கு!

1926-இல் தாயார் காலமானதும் முருகனார் வேலையை விட்டுவிட்டுத் திருவண்ணாமலையிலேயே தங்கிவிட்டார். பெற்றோர்கள் பயப்பட வேண்டாம். உங்கள் பிள்ளைகளை வேலையை விடச் சொல்ல நான் வரவில்லை. அவர்களுக்கு இன்னும் வேலையே கிடைக்கவில்லை. இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த வாத்தியாரோட வீட்டுக்காரம்மா என்ன பண்ணுனாங்க?" சரியான கேள்வி. துறந்தவர்களின் கதையை யார் சொன்னாலும் அந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். பட்டம் அதற்கும்தான்.

நான் சொல்ல வந்தது துறவைப் பற்றி அல்ல. வேலையை விட்ட பிறகு முருகனார் என்ன செய்தார் என்பதைப் பற்றி.

ரமணர் தானாக உட்கார்ந்து நூல் எழுதுகிறவர் அல்ல. பெரும்பாலும் பேசாமல் இருப்பார். கேட்டால் சொல்வார். கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது, அது வாத்தியார்களுக்குத் தெரியும். வகுப்பில் நாம் ஒரு வாக்கியத்தைப் பாதி சொல்லி நிறுத்துவோம்; பையன் மீதியைச் சொல்வான். முருகனார் அதைத்தான் செய்தார். தாருகாவனத்து முனிவர்களுக்குச் சிவன் பாடம் புகட்டிய கதையைத் திருவுந்தியாராகப் பாடிக்கொண்டு வந்தார். எழுபது பாட்டு முடிந்தது. சிவன் வாய் திறந்து உபதேசம் சொல்ல வேண்டிய கட்டம். அங்கே பேனாவை வைத்துவிட்டு, இதை நான் எழுதினால் சரிவராது, நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று ரமணரிடம் போய் நின்றார். 1927-இல் முப்பது பாட்டு வந்தது. அதுதான் உபதேச உந்தியார். பிறகு அதை ரமணரே சமஸ்கிருதத்திலும் தெலுங்கிலும் மலையாளத்திலும் எழுதினார்.

அடுத்த வருஷம் இன்னொரு வேலை. ரமணர் அவ்வப்போது எழுதி அங்கங்கே கிடந்த வெண்பாக்கள் இருபது சொச்சத்தைப் பொறுக்கி எடுத்து, இவற்றை நாற்பதாக்கி ஒரு நூலாகத் தர வேண்டும் என்று கேட்டார். அகராதிக்காரர் புத்தி அது. சிதறியதைக் கண்டால் திரட்டாமல் விடாது. ரமணர் எழுத எழுத, புதிய பாட்டுகள் வந்து பழையவற்றில் பலவற்றை வெளியே தள்ளின. தள்ளப்பட்டவை அனுபந்தத்துக்குப் போயின. உள்ளது நாற்பது அப்படிப் பிறந்தது. அதில் ஒரு வெண்பா தன்மை, முன்னிலை, படர்க்கை மூன்றையும் எடுத்துக்கொள்கிறது. தன்மை என்ற ஒன்று இருந்தால்தான் மற்ற இரண்டுக்கும் இடம். அந்தத் தன்மை எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார் என்பது அதன் சாரம். 1896-இல் 'இப்படிக்கு' என்று போட்டுப் பெயர் எழுதாமல் விட்ட இடம் ஞாபகம் வருகிறதா? விட்ட பாடத்தைப் பையன் முப்பத்திரண்டு வருஷம் கழித்து எழுதிக் கொடுத்தான். கேட்டு வாங்கியவர் ஒரு வாத்தியார்.

முருகனார் அதோடு விடவில்லை. ரமணர் வாய்மொழியாகச் சொன்னதையெல்லாம் வெண்பாக்களாக்கிக் காட்டினார். ரமணர் பார்த்துத் திருத்துவார். சில சமயம் அந்தக் கருத்துக்குத் தானே ஒரு பாட்டு எழுதிவிடுவார். ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பாட்டுகள் கொண்ட குருவாசகக் கோவை அப்படி வந்தது. பண்டிதரின் நோட்டில் பையன் சிவப்பு மை போடுகிறான். பண்டிதர் சந்தோஷமாக நோட்டை நீட்டுகிறார்.

முருகனார் சொந்தமாகவும் பாடினார். மாணிக்கவாசகர் போலப் பாட முடியுமா என்று ரமணர் கேட்டதாகவும், அவர் எங்கே நான் எங்கே என்று இவர் உருகியதாகவும் சொல்வார்கள். அந்தக் கேள்வியின் விளைவுதான் திருவாசகத்தின் அமைப்பை ஒட்டி எழுந்த ரமண சன்னிதி முறை. மாணிக்கவாசகர் யார்? இங்கிருந்து மேலூர் பக்கம் போனால் வருகிற திருவாதவூர்க்காரர். நம்ம ஊர்ப் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைப் பெருந்துறையில் கோயிலுக்குச் செலவழித்துவிட்டுத் திட்டு வாங்கியவர். வருஷா வருஷம் ஆவணியில் பிட்டுத் திருவிழாவில் நாம் பார்ப்பது அவர் கதையின் மிச்சம்தான். குதிரைப் பணத்தோடு போன அமைச்சர், மூன்று ரூபாயோடு போன பையன், சம்பளத்தை விட்டுப் போன வாத்தியார். வைகைக் கரைக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் என்னவோ ஒத்துப்போவதில்லை.

1934-இல் பால் பிரன்டன் எழுதிய ஆங்கிலப் புத்தகம் ரமணரை மேல்நாட்டுக்குக் காட்டியது. 1938-இல் சாமர்செட் மாம் நேரில் வந்து போனார். அவர்கள் பெயர் உலகத்துக்குத் தெரிந்தது. மூலத்தைத் தமிழில் கேட்டு வாங்கி வைத்தவர் பெயர் ராமநாதபுரத்திலேயே பாதிப் பேருக்குத் தெரியாது. 1973-இல் முருகனார் மறைந்த பிறகு, அவர் விட்டுப்போன பாட்டுகளைச் சாது ஓம் தொகுத்தார். ஒன்பது தொகுதி வந்தது.

பட்டதாரிகளே, இதை உங்களிடம் ஏன் சொல்கிறேன்? முருகனார் கற்ற படிப்பு எதுவும் வீண்போகவில்லை. யாப்பு, இலக்கணம், அகராதி வேலை, வகுப்பில் பாதி வாக்கியத்தில் நிறுத்துகிற உத்தி, எல்லாம் கடைசி வரை வேலை செய்தன. ஆனால் அவை முழுசாகப் பயன்பட்டது, தனக்குத் தெரியாத ஒன்று தெரிந்த ஆளின் முன்னால் அவர் தரையில் உட்கார்ந்த பிறகுதான். அந்த ஆளிடம் பட்டம் இல்லை, மெட்ரிக்குலேஷன்கூட முடிக்கவில்லை. வாத்தியார் அதைப் பார்க்கவில்லை. கேட்டார். கேட்காமல் இருந்திருந்தால் அந்த முப்பது பாட்டும் இல்லை, நாற்பது பாட்டும் இல்லை. தெரிந்தவர் இருந்தும், கேட்க ஆள் இல்லாமல் மண்ணோடு போன அறிவு நம் ஊரில் எவ்வளவோ.

பின் வரிசைகளைத் திரும்பிப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் உங்கள் தாத்தாக்களில் சிலருக்கு, கண்மாயில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தால் எந்த மடையைத் திறக்க வேண்டும், அந்தத் தண்ணீர் யார் வயலை முதலில் தொட வேண்டும் என்பது தெரியும். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் ஆத்தாக்களுக்கு, ஒரு சேலையில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை எந்தக் கணக்கில் நிறுத்துவது என்பது விரலுக்குத் தெரியும். விடிவதற்கு முன்னால் மொட்டுப் பறிக்கிற அம்மாக்களுக்கு, எந்த மல்லிகை சாயங்காலம் எத்தனை மணிக்கு வாய் திறக்கும் என்பது தெரியும். அவர்கள் தாங்களாக எழுத மாட்டார்கள். அவர்களுக்கும் ஒரு வாத்தியார் வேண்டும். பேரகராதியில் ஏறாமல் போன சொற்கள் அவர்களிடம் எத்தனை இருக்கின்றனவோ!

ஆகவே ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். இன்றைக்குப் போட்டோவெல்லாம் எடுத்து முடிந்து, அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனதும், தாத்தா பக்கத்தில் தரையில் உட்காருங்கள். நம்ம கண்மாய்க்கு எத்தனை மடை தாத்தா என்று கேளுங்கள். "அது எதுக்குடா இப்ப ஒனக்கு?" என்பார். பதில் சொல்லாதீர்கள். பேசாமல் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருங்கள். கொஞ்ச நேரத்தில் அவரே ஆரம்பிப்பார். சொல்வதைச் சொன்னபடி எழுதுங்கள். எழுத்துப் பிழை வந்தால் பரவாயில்லை. மூன்று தடவை எழுதிவரச் சொல்லி நான் வர மாட்டேன்.