புத்தர் நெறியும் மாணவர் வாழ்வும்



புத்தர் பெருமான் வாழ்ந்த காலத்துக்கும் நம் காலத்துக்கும் இடையே ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் கழிந்துவிட்டன. அவர் காலால் நடந்த மகத நாட்டு வழிகளில் இன்று தொடர்வண்டிகள் விரைகின்றன. அவர் குரல் மரத்தடியில் கூடியிருந்தோர்க்கு மட்டுமே எட்டியது. இன்றோ உங்கள் கைபேசி உலகத்தின் ஓசை முழுவதையும் படுக்கையறைக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. இவ்வளவு மாறிய பின்னர் அப்பெரியாரின் போதனையால் நமக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது முறையே. பிறர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்காமல், நன்மை தருகிறதா எனத் தாமே ஆராய்ந்து ஏற்க வேண்டும் என்பதுதான் கேசபுத்தம் என்னும் ஊரில் காலாமர்களுக்கு அவர் கூறிய அறிவுரையின் சாரம்.

ஆராய்வோம். சூழ்நிலை மாறியதேயன்றி மனித மனம் மாறவில்லை. விரும்பியது கிட்டாதபோது அது வாடுகிறது. வெறுப்பது வந்தடையும்போது கொதிக்கிறது. இதனை விளக்கச் சம்யுத்த நிகாயத்தில் ஓர் உவமை வருகிறது. ஒருவனை அம்பு ஒன்று தைக்கிறது, வலி உண்டாகிறது. அவ்வலியை எண்ணி எண்ணிப் புலம்புகிறவன் இரண்டாவது அம்பாலும் தாக்கப்பட்டவன் ஆகிறான். அறிவுடையோனுக்கு ஒரே அம்பு, அறியாதவனுக்கு இரண்டு.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியப் பணி ஆற்றிய நான், தேர்வு முடிவு வெளியாகும் நாள்தோறும் இவ்விரண்டாவது அம்பைக் கண்டிருக்கிறேன். ஒரு மாணவன் கணக்குப் பாடத்தில் தவறியதால் இரண்டு நாள் உணவு கொள்ளாமல் அறைக்குள்ளேயே கிடந்தான். தாயார் அவனை என்னிடம் அழைத்து வந்தார். “தம்பி, நடந்ததை மட்டும் சொல், நடக்கப் போவதாக நீ நினைப்பதைச் சொல்லாதே” என்றேன். “கணக்கில் 8 மதிப்பெண் குறைந்துவிட்டது, ஐயா” என்றான். “வேறு என்ன நடந்தது?” என்று கேட்டேன். நெடுநேரம் எண்ணிப் பார்த்தான். வேறொன்றும் நடக்கவில்லை. ஊரார் ஏளனம், தந்தையின் சினம், பாழாய்ப் போன எதிர்காலம் ஆகிய யாவும் அவன் மனமே எய்த அம்புகள். துணைத் தேர்வில் அவன் தேறினான்.

நடந்தது வேறு, மனம் அதன்மேல் கட்டுவது வேறு என்று பிரித்தறிவதற்குப் பயிற்சி வேண்டும். அதுவே தியானம். முதுகு நிமிர அமர்ந்து, உள்ளே வரும் மூச்சையும் வெளியே போகும் மூச்சையும் கவனித்திருக்க வேண்டும். மனம் சிறிது நேரத்திலேயே எங்கோ ஓடும். ஓடியதை அறிந்து, கடிந்துகொள்ளாமல், மீண்டும் மூச்சுக்குக் கொண்டுவர வேண்டும். ஓடாமல் இருப்பதன்று, திரும்பக் கொணர்வதே பயிற்சி. உடலை வருத்தி முயன்ற சோணர் என்னும் சீடருக்கு, யாழின் நரம்பை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இன்னிசை பிறவாது என்று புத்தர் உணர்த்தினார். தேர்வுக்கு இரவெல்லாம் விழித்திருப்போரும், நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்போரும் அந்த யாழை நினைத்துக்கொள்ளலாம்.

இது துறவிகளுக்கே உரியது என்று எண்ண வேண்டா. பர்மா 1948-ஆம் ஆண்டு விடுதலை பெற்றபோது அந்நாட்டின் தலைமைக் கணக்காயராகப் பொறுப்பேற்ற ஊ பா கின் ஓர் இல்லறத்தார். தம் அலுவலக ஊழியர்களுக்கே தியானம் பயிற்றுவித்தவர். அவரிடம் பயின்ற கோயங்கா 1969-இல் இந்தியா வந்து இப்பயிற்சியைப் பரப்பினார். 1975-இல் ஜெய்ப்பூர்ச் சிறையில் பயிற்சி நடந்தது. 1994-இல் தில்லித் திகார்ச் சிறையில் 1,000-க்கும் மேற்பட்டோர் ஒருங்கே அமர்ந்தனர். தமிழர்க்கு இது புதுமையன்று. சோழ மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றிய மணிமேகலையை நம் காப்பியம் என்றோ காட்டிவிட்டது.

எனினும் ஒன்றை மறைத்தல் தகாது. ஐக்கிய இராச்சியத்தில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவரிடையே இத்தகைய மனப் பயிற்சியைப் பாடமாக வைத்துச் சோதித்தனர். வழக்கமான கல்வியைவிட அது மிகுந்த நன்மை தரவில்லை என்று 2022-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் பயிற்சி செய்த மாணவரும் மிகச் சிலரே. இதனால் நான் அறிவது யாதெனில், நீச்சலைக் கரும்பலகையில் கற்பிக்க முடியாதது போலத் தியானத்தையும் பாடவேளையில் புகட்டிவிட முடியாது. அவரவர் விரும்பிப் பழக வேண்டும். மேலும், அது மருந்தன்று. தாங்க முடியாத துயரம் நேர்ந்தால் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ தயங்காமல் சொல்லுங்கள். அம்பு தைத்தவன் முதலில் நாட வேண்டியது மருத்துவனையே என்பது புத்தரின் வேறோர் உவமையாலும் விளங்கும்.

இறுதியாக ஒன்று. மனத்தை ஒருமுகப்படுத்துதல் மட்டுமே புத்தர் நெறி ஆகாது. கன்னம் வைக்கும் கள்வனுக்கும் மன ஒருமை உண்டு! ஆகையால்தான் சீலம், சமாதி, பிரஞ்ஞை என்னும் மூன்றில் அவர் ஒழுக்கத்தை முதலில் வைத்தார். நற்சொல்லுக்கு ஐந்து இலக்கணம் வகுத்தார்: உரிய காலத்தில் சொல்லுதல், உண்மையாய் இருத்தல், இனிமை, பயன், அன்புள்ளம். கைபேசியில் ஒரு செய்தியைப் பிறர்க்கு அனுப்புமுன் இவ்வைந்தையும் எண்ணிப் பாருங்கள். ஒரு தோழியைப் பற்றிய அவதூறு உங்கள் விரல் நுனியில் நின்றுபோனால், அவள் கண்ணீரை நீங்கள் தடுத்தவர் ஆவீர்கள். அந்த ஒரு கணத் தயக்கமே தியானத்தின் கனி.

நாள்தோறும் காலையில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு திங்கள் பழகுங்கள். பயன் உண்டெனில் தொடருங்கள், இல்லையெனில் விட்டுவிடுங்கள். காலாமர்களுக்கு அளித்த உரிமை உங்களுக்கும் உண்டு.